‘சைலன்ஸ் ரிமூவ்’ பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி

நம்ம காலேஜ்ல இப்போ ஷார்ட் ஃபிலிம் எடுக்காத டிபார்ட்மென்ட்டே கிடையாது. சிம்போசியத்துக்கு ஒண்ணு, கல்ச்சுரல்ஸுக்கு ஒண்ணு, ஃபேர்வெல்லுக்கு ஒண்ணு, எதுவும் இல்லேன்னா யாராவது ஒருத்தர் பிறந்தநாளுக்கு ஒண்ணு. கேமரா ஒரு பிரச்சினையே இல்ல, பாக்கெட்லயே இருக்கு. சாஃப்ட்வேரும் பிரச்சினை இல்ல. பெரிய படங்களுக்குக் கலர் வேலை செய்யப் பயன்படும் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பாகவே கிடைக்குது. லேப்டாப் தாங்கலேன்னா போன்லயே வி.என்., இன்ஷாட்னு வேலையை முடிச்சிடலாம்.

இத்தனை வசதி இருந்தும் ஒரு விஷயம் உறுத்துது. வரிசையா பத்து மாணவர் குறும்படங்களை உட்கார்ந்து பாருங்க. பத்தையும் ஒரே ஆள் எடுத்த மாதிரி இருக்கும். முதல்ல மேலிருந்து ஒரு ட்ரோன் ஷாட். அப்புறம் அலாரம் அடிக்கும், ஹீரோ கண் விழிப்பான். பின்னாடி பியானோ. வாழ்க்கையைப் பற்றி ஒரு வாய்ஸ் ஓவர். சோகக் காட்சி என்றால் ஸ்லோ மோஷன். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கருத்து. எடுத்தவர்களில் ஒருத்தர் கம்பம், ஒருத்தர் கடலூர், ஒருத்தர் பெரம்பூர். ஒருத்தர் வீட்டில் தறி ஓடுது, இன்னொருத்தர் வீட்டில் அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. படத்தைப் பார்த்தால் அந்த வித்தியாசம் எதுவுமே தெரியாது.

‘கதை புதுசா இல்லைடா’ன்னு இதுக்கு நாம சுலபமா ஒரு காரணம் சொல்லிடுவோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதைகள் பெரும்பாலும் பழசாத்தான் இருக்கும். அம்மா, நண்பன், அரியர், காதல், வேலை, இதைத் தாண்டி இருபது வயசுல எவ்வளவு கதை இருந்துடப் போகுது? ஒரே கதையை ரெண்டு பேர் சொல்லும்போது ரெண்டு குரல் கேட்கணும். அந்தக் குரல் வசனத்திலிருந்து வர்றது குறைவு. எந்த ஷாட்டுக்குப் பக்கத்தில் எந்த ஷாட்டை வைக்கிறோம், எவ்வளவு நேரம் விட்டு வைக்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதிலிருந்துதான் அது வருது. அதாவது எடிட்டிங்கிலிருந்து. நாம அதைக் கடைசி ராத்திரி வேலையா, டெட்லைனுக்கு முன்னாடி யாரோ ஒரு ‘எடிட்டிங் தெரிஞ்ச பையன்’ தலையில் கட்டிவிடுகிறோம். குரல் தொலைந்து போகிற இடம் அதுதான் என்பது என் கருத்து.

வைரமும் பென்சில் முனையும்

1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில் படச்சுருளுக்குக் கடும் பஞ்சம். சினிமா சொல்லிக்கொடுத்த லெவ் குலெஷோவும் அவருடைய மாணவர்களும், ஏற்கெனவே எடுத்த படங்களை வெட்டி வெட்டி வேறு மாதிரி ஒட்டிப் பார்த்தார்கள். 1920-ஐ ஒட்டி அவர் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு சோதனை இன்றைக்கும் எல்லா சினிமா வகுப்பிலும் வரும். இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் முகம். அதில் பெரிசா எந்த உணர்ச்சியும் இல்லை. அந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு சூப்பை வைத்தால் பார்ப்பவர்களுக்கு அவருக்குப் பசி என்று தோணுது. ஒரு சவப்பெட்டியை வைத்தால் துக்கம். ஒரு பெண்ணை வைத்தால் ஆசை. மூன்றிலும் முகம் ஒன்றுதான்.

முதல் வருஷ கெமிஸ்ட்ரியை மறக்காதவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. வைரமும் பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான். ஒன்று கண்ணாடியை அறுக்குது, இன்னொன்று காகிதத்தில் தேய்ஞ்சு போகுது. அணு மாறலை, அணுக்கள் கைகோத்திருக்கிற விதம் மாறியிருக்கு. ஷாட்டும் அப்படித்தான். ஒரு ஷாட்டின் அர்த்தம் அந்த ஷாட்டுக்குள் பாதிதான் இருக்கு. மீதி அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கு.

முகம் மட்டும் சொல்லாத ஒன்றைப் பக்கத்து ஷாட் சொல்ல வைக்குது. பார்க்கிறவர் மனசுக்குள் அந்த இணைப்பு நடக்குது. இதற்கு ஆங்கிலத்தில் இருந்து வந்த ‘சப்டெக்ஸ்ட்’ என்ற சொல்லைத்தான் நாம பயன்படுத்துறோம். தமிழுக்கு இது புதுசு இல்லை. பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பில் உள்ளுறை, இறைச்சி என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்போம். தலைவி வாய் திறந்து சொல்லாததை அந்த நிலத்தில் இருக்கும் மரமும் பறவையும் சொல்லும். இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிட்டோம். உண்மையில் அது ஒரு எடிட்டருக்குத் தேவையான பாடம்.

சொல்லாமல் விட்ட மூன்று இடங்கள்

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955-ல் வந்தது. எடிட்டர் துலால் தத்தா. அக்கா துர்கா மேல் பக்கத்து வீட்டு மணிமாலையைத் திருடியதாகப் பழி வருது. அவள் மறுக்கிறாள், அடி வாங்குகிறாள். பிறகு காய்ச்சலில் செத்துப் போகிறாள். குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பும்போது தம்பி அப்பு சாமான்களுக்கு நடுவே அந்த மாலையைக் கண்டெடுக்கிறான். அக்காதான் எடுத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். தண்ணீரின் மேலிருக்கும் பாசி விலகி, ஒரு வட்டம் தெரிந்து, மெதுவாக மறுபடி மூடிக்கொள்கிறது. வசனம் ஒன்றுகூட இல்லை.

இதை நாம எடுத்திருந்தால் என்ன செய்திருப்போம்? அப்பு முகத்துக்கு க்ளோஸப். அக்கா சிரிக்கும் ஃப்ளாஷ்பேக், அதுவும் கறுப்பு வெள்ளையில். மேலே ஒரு வாய்ஸ் ஓவர்: ‘நீ தப்பே செஞ்சிருந்தாலும் நீ என் அக்காதான்’. எல்லாம் சரியாகப் புரிந்திருக்கும். ஆனால் அந்தப் பாசி மூடுகிற வரைக்கும் காத்திருந்த அந்தச் சில விநாடி இருக்கிறதே, அங்கேதான் ராய் இருக்கிறார். குளத்தை முதலில் வெட்டி எறிந்திருந்தால் தகவல் மிஞ்சியிருக்கும், ராய் மிஞ்சியிருக்க மாட்டார்.

நம்ம பக்கத்தில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கின படம். கோபக்கார அப்பா, கூடவே ஒரு பையன். கொளுத்தும் வெயிலில் நடக்கிறார்கள். தாகம் தெரியாமல் இருக்கப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லைக் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே நிறையக் கற்கள். அவ்வளவுதான். இந்த நடை இன்றைக்கு மட்டும் நடந்தது இல்லை, எத்தனையோ தடவை நடந்திருக்கு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ‘எங்க அப்பா எப்பவும் இப்படித்தான்’ என்று பையன் ஒரு வார்த்தை பேசியிருந்தால், நாம் பரிதாபப்பட்டுவிட்டு எழுந்து போயிருப்போம். கல்லை எண்ணியது நாமே என்பதால் கனம் நம் மேல் இறங்குது.

மூன்றாவது, நம்மில் பலர் பலமுறை பார்த்த ‘பரியேறும் பெருமாள்’ (2018). மாரி செல்வராஜ் படம், எடிட்டர் செல்வா ஆர்.கே. கதை நடப்பது கல்லூரியில், அதனால் நமக்கு இன்னும் நெருக்கம். கடைசியில் பேச வேண்டியதைப் பேசுகிறார்கள். ஆனால் படம் பேச்சில் முடியவில்லை. இரண்டு டீ கிளாஸ்கள், நடுவே ஒரு பூ. இருவரும் சமமாக உட்கார்ந்துவிட்டார்களா, இல்லை இன்னும் ரெண்டு கிளாஸாகவே இருக்கிறார்களா? படம் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நம் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறது. சப்டெக்ஸ்ட் என்றால் பயந்து மறைத்துப் பேசுவது என்று ஒரு நினைப்பு இருக்கு. இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நேராகப் பேச வேண்டிய இடத்தில் நேராகப் பேசிவிட்டு, வார்த்தை போதாத இடத்தில் மட்டும் பொருளைப் பேச விட்ட படம் அது.

ஒரே ஆறு ஷாட், மூணு படம்

இதெல்லாம் பெரிய ஆட்கள் சமாச்சாரம், நமக்கு எங்கே என்று தோணலாம். நம்ம ஹாஸ்டலிலேயே ஒரு உதாரணம் வச்சுப் பார்ப்போம். முதல் வருஷம் சேர்ந்த நாள். அப்பா மகனை ரூமில் விட வந்திருக்கிறார். கையில் இருப்பது ஆறு ஷாட்.

ஒன்று: அப்பா புது பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறார். இரண்டு: அலமாரிப் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார். மூன்று: மகன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்கு: ரூம்மேட்டின் பளபளக்கும் ட்ராலி சூட்கேஸ், பக்கத்தில் இவர்கள் கொண்டுவந்த கட்டைப்பை. ஐந்து: அப்பா பஸ் ஸ்டாப்பில் வெறுங்கையோடு நிற்கிறார். ஆறு: மகன் முகம், கதவைப் பார்த்தபடி.

இப்போ வெட்டுங்க. பக்கெட், பூட்டு, பஸ் ஸ்டாப், மகன் முகம். இது அப்பாவின் பாசம் பற்றிய படம். பார்க்கிற எல்லாருக்கும் பிடிக்கும்.

வேற மாதிரி: சூட்கேஸும் கட்டைப்பையும், உடனே போனைப் பார்க்கும் மகன், பின்னணியில் அப்பா பக்கெட்டைத் தட்டும் சத்தம் மட்டும், மறுபடி மகன். அப்பாவின் முகத்தைக் காட்டவே இல்லை. இது இப்போ பாசப் படம் இல்லை, கூச்சத்தைப் பற்றிய படம். ரூம்மேட் முன்னாடி அப்பா தட்டுற சத்தம் அவனுக்கு எப்படிக் கேட்குதுன்னு நமக்கும் கேட்குது. போனில் ஒண்ணும் இல்லை, அவன் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கான் என்பதும் புரியுது.

மூணாவது: முதல்லயே பஸ் ஸ்டாப். அப்பா வெறுங்கையோடு நிற்கிறார், பஸ் வரலை. அதற்கு மேல் பூட்டு இழுக்கிற சத்தம், அப்புறம் பூட்டு ஷாட். ஆனால் இழுப்பது அப்பாவா மகனா என்று தெரியாத மாதிரி கை மட்டும். பிறகு மகன் முகம். இதில் அப்பாவின் பழக்கம் மகன் கைக்கு வந்துவிட்டது. இது பிரிவைப் பற்றிய படமாகவும் இருக்கலாம், ஒருத்தன் பெரியவன் ஆவதைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

மூன்றும் சரியான எடிட்தான். கேள்வி என்னன்னா, அன்றைக்கு உண்மையில் உங்களுக்குள் நடந்தது இதில் எது? முதலாவது எடிட்டை யாரும் செய்யலாம், டெம்ப்ளேட்டே செய்துவிடும். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க அந்தக் கூச்சத்தை உள்ளே உணர்ந்த ஒருத்தர் வேணும். அவர் தன்னைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை, ஆனால் அந்தத் தேர்வே அவர்தான். ‘என் குரலை எப்படிக் கண்டுபிடிக்கிறது’ன்னு கேட்கிறவங்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: டைம்லைனில் ஒரே காட்சியை மூன்று விதமாக அடுக்குங்க. எதைப் பார்க்கும்போது கொஞ்சம் அசௌகரியமா இருக்கோ, அதுக்குப் பக்கத்துல உங்க குரல் இருக்க வாய்ப்பு அதிகம்.

த்ரெஷோல்டுக்குக் கீழே

இப்போ தலைப்பில் சொன்ன பட்டனுக்கு வருவோம். பேசும் வீடியோக்களில் இடைவெளிகளைத் தானாகவே வெட்டிவிடும் வசதி இப்போ பல எடிட்டிங் மென்பொருள்களில் வந்துவிட்டது. லெக்சர் வீடியோவுக்கும் பாட்காஸ்ட்டுக்கும் அருமையான வசதி, நேரம் மிச்சம். அது எப்படி வேலை செய்யுதுன்னு நம்ம இ.சி.இ. நண்பர்கள் எளிதாகச் சொல்வார்கள். ஒலி அளவு இத்தனை டெசிபெலுக்குக் கீழே, இத்தனை மில்லி செகண்டுக்கு மேல் இருந்தால் அது ‘சைலன்ஸ்’. வெட்டு. ஒரு த்ரெஷோல்ட், ஒரு டைமர், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் கதைப் படத்துக்குள்ளும் வந்துவிட்டது. பட்டனை அமுக்காதவர்கள்கூட மனசுக்குள் அதே அல்காரிதத்தை ஓட்டுகிறார்கள். ஒருத்தர் பேசி முடித்த அடுத்த ஃப்ரேமில் கட், மற்றவர் பதில், கட். யாரும் யோசிக்கிறதே இல்லை. நிஜ வாழ்க்கையில் ‘எத்தனை அரியர்டா?’ என்று அப்பா கேட்டால் அடுத்த நொடியே பதில் வருமா? அந்த ரெண்டு செகண்ட் இடைவெளியில்தான் கதையே இருக்கு. அங்கே ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவார். டெசிபெல் மீட்டருக்கு அது சைலன்ஸ். மனுஷனுக்கு அது முழு பதில்.

வால்டர் மர்ச் என்ற எடிட்டரைப் பற்றி இங்கே சொல்லணும். ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ (1996) படத்துக்காக எடிட்டிங், ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர். எங்கே கட் பண்ணுவது என்பதற்கு அவர் ஆறு அளவுகோல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சதவீதமும் கொடுத்திருக்கிறார், நம்ம இன்டர்னல் மார்க் மாதிரி. உணர்ச்சிக்கு 51. கதைக்கு 23. தாளத்துக்கு 10. பார்க்கிறவர் கண் எங்கே இருக்கு என்பதற்கு 7. மிச்சம் 9 சதவீதம்தான் திசை, இடம் போன்ற தொடர்ச்சி விஷயங்களுக்கு. நாம ஒருத்தர் எடிட்டைப் பார்த்து முதலில் சொல்கிற குறை என்ன? ‘மச்சி, முந்தின ஷாட்ல கை மேல இருந்துச்சு, இதுல கீழ இருக்கு.’ அதாவது பட்டியலின் கடைசியில் இருக்கிறதுக்கு முதல் மார்க். உணர்ச்சிக்கு 51 என்று அவர் எழுதியதில் ஒரு கணக்கு இருக்கு. மற்ற ஐந்தையும் கூட்டினாலும் 49தான். உணர்ச்சி சரியாக இருந்தால் மீதி எல்லாம் தோற்றாலும் அந்த கட் ஜெயிக்கும்.

நியாயமான சில எதிர்ப்புகள்

இதைப் பேசினால் உடனே வரும் முதல் எதிர்ப்பு: ‘ஆடிட்டோரியத்துல ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கான். இப்படி மெதுவா, சொல்லாம எடுத்தா எவனுக்குப் புரியும்? கத்தியே இறக்கிடுவாங்க.’ இது பொய்யில்லை. ஆனால் அதே ஆயிரம் பேர்தான் ‘96’ படத்தில் காரின் கியர் மேல் இரண்டு கைகள் சேர்வதைப் பார்த்துப் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள். அதைப் புரிய வைக்க யாரும் வாய்ஸ் ஓவர் போடவில்லை. தமிழ்ப் பார்வையாளருக்குச் சொல்லாத விஷயம் புரியும். நாமதான் அவங்களை நம்ப மறுக்கிறோம்.

இரண்டாவது: குரல் என்றால் எல்லாத்தையும் ஸ்லோவா எடுக்கணுமா? இல்லவே இல்லை. ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ (1925) படத்தில் ஒடேசா படிக்கட்டுக் காட்சி இன்றைய ரீல்ஸ் கணக்குக்கே வேகமான வெட்டுதான். ஆனால் அந்த வேகமான வெட்டுகளை வைத்து அவர் நேரத்தை நீட்டுகிறார். படியில் இறங்க ஆகும் நிஜ நேரத்தைவிடத் திரையில் அதிக நேரம் ஆகுது, படுகொலை முடியவே மாட்டேங்குது. அது அவர் முடிவு. ஒரு ஷாட்டை அரை செகண்ட் வைப்பதும் ஒரு நிமிடம் வைப்பதும் உங்க இஷ்டம். ஏன் அந்த நீளம் என்று கேட்டால் பீட்டுக்கு மேட்ச் ஆச்சு என்பதைத் தவிர வேறொரு பதில் இருக்கணும், அவ்வளவுதான்.

மூன்றாவது எதிர்ப்பு நமக்கு ரொம்பப் பழக்கமானது: ‘ஃபுட்டேஜ் சரியில்ல, ஆர்ட்டிஸ்ட் வரலை, மைக் வேலை செய்யலை.’ 1975-ல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்தை எடுத்தபோது ஸ்பீல்பெர்க்குக்கு வந்ததும் இதே பிரச்சினைதான். இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி படுத்துவிட்டது. மெக்கானிக்கல் பசங்களுக்கு அந்த வலி புரியும். சுறாவைக் காட்ட முடியாததால் தண்ணீர் மட்டம், மிதக்கும் பீப்பாய்கள், இசை இவற்றை வைத்தே பயத்தைக் கட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுறாவை முழுசாகப் பார்க்கவே முடியாது. எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸுக்கு அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. இல்லாத ஷாட்டும் எடிட்டருக்கு ஒரு கருவி. உங்க ஹீரோயின் வரலேன்னா, அவங்க உட்காராத காலி பெஞ்ச் இருக்கு.

ஃபிலிம் கிளப்புக்கு ஒரு யோசனை

குறை சொல்லிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. நம்ம ஃபிலிம் கிளப் அடுத்த கல்ச்சுரல்ஸில் ஒரு போட்டி வைக்கலாம். ‘ஒரே ஃபுட்டேஜ், பல எடிட்’. கிளப்பே பதினைந்து நிமிட ரா ஃபுட்டேஜ் எடுத்துக் கொடுக்கட்டும். சாதாரணமான ஏதாவது, மெஸ்ஸில் ஒரு மதியம், இல்லேன்னா கடைசி பஸ்ஸுக்கு ஓடுவது. எல்லாருக்கும் அதே ஃபுட்டேஜ், கம்ப்யூட்டர் லேபில் மூன்று மணி நேரம், இறுதி நீளம் மூன்று நிமிடம். வாய்ஸ் ஓவர் கூடாது, திரையில் எழுத்துக் கூடாது, வெளியிலிருந்து பாட்டு கூடாது. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் வரிசையாகத் திரையிடணும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ட்ரோன் வாடகைக்கு எடுக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இதில் ஒரே மேடை. யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஜட்ஜுக்கும் ஒரு கேள்வி கொடுக்கலாம். ‘மேக்கிங் நல்லா இருக்கா, க்வாலிட்டி இருக்கா’ என்பதோடு சேர்த்து: இதை வேறு யாராவது வெட்டியிருந்தால் இப்படி வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் மார்க் கம்மி.

தனியாக எடிட் பண்ணுகிறவங்களுக்கு என் பங்குக்கு மூன்று சோதனைகள். முதலாவது, முழுப் படத்தையும் மியூட்டில் பாருங்க. கதை எங்கே அறுந்து போகுதோ அங்கே வசனம் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பொருளோ ஒரு கையோ அந்த வேலையைச் செய்யுமான்னு தேடுங்க. இரண்டாவது, ஒவ்வொரு காட்சியின் கடைசி வசனத்தையும் தூக்கிவிட்டு ஓட்டிப் பாருங்க. கடைசி வசனம் பெரும்பாலும் ஏற்கெனவே புரிந்துவிட்டதை மறுபடி சொல்லும். மூன்றாவது, நீங்க கட் பண்ண நினைத்த இடத்திலிருந்து இன்னும் பன்னிரண்டு ஃப்ரேம் தள்ளி கட் பண்ணிப் பாருங்க. 24 ஃப்ரேம் கணக்கில் அது அரை செகண்ட். சில இடத்தில் காட்சி தொய்யும், சில இடத்தில் அந்த அரை செகண்டில் நடிச்சவர் நடிப்பை முடித்துவிட்டு நிஜமாக மூச்சு விடுவது தெரியும். எது எதுன்னு முடிவு பண்ண வேண்டியது நீங்க.

பாலு மகேந்திரா ‘வீடு’ (1988) படத்தை இயக்கி, ஒளிப்பதிவும் செய்து, எடிட்டிங்கும் தானே செய்தார். பாதி கட்டிய வீட்டுக்குள் ஒரு வயசான தாத்தா தனியாக நடந்து பார்க்கும் காட்சி அதில் வரும். கதை நகர அந்தக் காட்சி இவ்வளவு நேரம் தேவையில்லை என்று யாராவது ஒரு தயாரிப்பாளர் சொல்லியிருக்கலாம். படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருப்பது அந்த நடைதான்.

நமக்கு அப்படிச் சொல்ல ஒரு தயாரிப்பாளர் இன்னும் வரவில்லை. படிப்பு முடிந்து இந்தத் துறைக்கே போகிறவர்கள் கல்யாண வீடியோ, விளம்பரம், யூடியூப் சேனல் என்று அடுத்தவர் கேட்கிற நீளத்துக்கு, அடுத்தவர் கேட்கிற வேகத்துக்கு வெட்டத்தான் போகிறோம். அதில் தப்பில்லை, பிழைப்பு அது. வேற வேலைக்குப் போகிறவர்களுக்கு எடிட் பண்ண நேரமே இருக்காது. நம்ம வீட்டை, நம்ம தெருவை, நம்ம ஹாஸ்டல் ரூமை நமக்குத் தோணுகிற நீளத்தில் வெட்டிப் பார்க்க யாரும் கணக்குக் கேட்காத நேரம் இந்த நாலு வருஷம்தான். அதையும் டெம்ப்ளேட்டுக்குக் கொடுத்துவிட்டால், அந்தத் தறி ஓடுகிற வீட்டின் சத்தம் கடைசி வரைக்கும் எந்தப் படத்திலும் கேட்காமலே போயிடும்.

அடுத்த தடவை டைம்லைனில் ஒலி அலை தட்டையாக இருக்கிற ஒரு இடத்தைப் பார்த்தால், டெலீட் அடிக்கும் முன் ஒருமுறை ப்ளே பண்ணிப் பாருங்க. யாராவது எதையாவது சொல்ல முடியாமல் நின்றுகொண்டிருக்கலாம்.